'எந்த நபரும்' என்கிறது சட்டம்

எங்கள் காலனியில் காது கேளாத ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வானூர் பக்கத்துக் கல்குவாரிகளில் இருபது வருடம் கல் உடைத்தவர். பிறவியில் நன்றாகக் கேட்டவர்தான். தெருக்கூத்து வைத்தால் மிருதங்கக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விடிய விடியக் கேட்பார். சுமார் பத்து வருடத்துக்கு முன்னால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அவருக்கு வந்தது. தினம் ஓர் ஊசி, ஆறு மாதத்துக்கும் மேலாக. அதோடு கை நிறைய மாத்திரைகள், இரண்டு வருடம். நோய் போய்விட்டது. கூடவே காதும் போய்விட்டது. இன்று அவரிடம் பேச வேண்டுமானால் தோளைத் தொட்டு, முகத்தை நம் பக்கம் திருப்ப வேண்டும்.

அவருடைய தங்கை மகனும் குவாரிக்குத்தான் போனான். அவனுக்கும் போன வருடம் அதே நோய், அதே வகை. அவனுக்கு ஊசி இல்லை. மாத்திரை மட்டும். இப்போது எடை ஏறி நடமாடுகிறான். கூத்துக் கொட்டகையில் மாமனுக்கு அடவைக் கண்ணால் காட்டிவிட்டுத் தான் மட்டும் பாட்டைக் கேட்கிறான்.

மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தோம். மருந்துத் துறையில் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லை.

முதலில் தொழில்நுட்பம். காசநோய்க்கு நாம் இன்றும் சாப்பிடுகிற முக்கியமான மாத்திரைகள் எல்லாம் 1950, 60-களில் வந்தவை. ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. அதற்குப் பிறகு நாற்பது வருடம் இந்த நோய்க்கென்று புது வகை மருந்து ஒன்றுகூட வரவில்லை. காரணம் ஊரறிந்தது. இது ஏழைகளின் நோய். ஏழைக்கு மருந்து செய்து லாபம் பார்க்க முடியாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் புதிது புதிதாக மாத்திரை வந்த காலத்தில், எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் சொன்ன இந்த நோய்க்குப் பழைய மாத்திரையே கதி. கிருமி சும்மா இருக்குமா? பழகிக்கொண்டது.

பெல்ஜியத்தில் ஜான்சன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கோன் ஆன்ட்ரீஸ் தலைமையிலான குழு, காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி ஒன்றின்மீது பல்லாயிரம் வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தது. அப்படி வடிகட்டிக் கிடைத்ததுதான் பெடாகுயிலின். 2005-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இது வேலை செய்கிற விதம் வேறு மாதிரியானது. பழைய மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டுவதையோ, புரதம் செய்வதையோ தடுத்தன. இது கிருமி தனக்கான சக்தியைத் தயாரிக்கிற நொதியையே பிடித்து நிறுத்துகிறது. வீட்டை இடிக்காமல் அடுப்பை அணைப்பது போல. மற்ற மருந்துக்கு அசையாமல் உறங்கிக் கிடக்கிற கிருமிக்கும் உயிர் தரிக்க அடுப்பு எரிந்தாக வேண்டும் அல்லவா!

பின்னால் பிரிட்டோமனிட் வந்தது. இதை வளர்த்துக் கொண்டுவந்தது லாப நோக்கற்ற டி.பி. அலையன்ஸ். பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மோக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் சேர்த்து ஆறே மாதத்தில் முடிக்கிற சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்தது ஆறு மாதமாகச் சுருங்கியது. நம் நாட்டில் 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இதை ஏற்றது. குறையே இல்லாத மருந்தா என்றால், இல்லை. பெடாகுயிலின் இதயத் துடிப்பின் ஓட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லினசோலிட்டால் சிலருக்குப் பாதம் மரத்துப் போகும், இரத்தம் குறையும். பாதம் மரத்தால் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். பயந்து மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஆனால் காதைப் பறித்த அந்த ஊசி போய்விட்டது.

இது ஒரு பாதி.

மருந்து வந்தது 2012-ல். நம் காலனிக்காரருக்கு ஊசி போட்டது அதற்குப் பிறகுதான். மருந்து உலகத்தில் இருந்தது, அவருக்கு இல்லை. இந்தியாவில் 2016-ல்தான் ஆறு மையங்களில் மட்டும், எண்ணி எண்ணி, கம்பெனி நன்கொடையாகத் தந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். உலகில் காசநோய் வருகிற நான்கு பேரில் ஒருவர் இருக்கிற நாடு இது. அந்தச் சமயத்தில் பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருத்திக்கு டெல்லியில் இந்த மருந்து மறுக்கப்பட்டது. நீ டெல்லிவாசி இல்லையே என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவளுடைய அப்பா உயர்நீதிமன்றம் போனார். 2017-ல் மருந்து கிடைக்க வழி பிறந்தது. அதற்குள் நுரையீரல் நிறைய அரித்துப்போயிருந்தது. அடுத்த வருடம் அவள் இறந்துபோனாள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நமக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் இல்லை. மருந்துக்கும் இருப்பிடச் சான்று கேட்பார்கள் என்பது மட்டும்தான் புதிது.

ஏன் எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள்? நம் ஊர்க் கம்பெனிகள் செய்ய முடியாத மருந்தா? செய்ய முடியும். செய்யக்கூடாது என்றது காப்புரிமை. இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அதனால்தான் உலகத்துக்கே மலிவு மருந்து இங்கிருந்து போனது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் பொருளுக்கே இருபது வருடக் காப்புரிமை வந்தது. கண்டுபிடித்தவன் செலவு செய்தானே, அவனுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெடாகுயிலினைப் பரிசோதித்து, நோயாளிகளுக்குக் கொண்டுசேர்த்த ஆய்வுகளில் கம்பெனி போட்ட பணத்தைவிட மக்கள் வரிப்பணமும் அறக்கொடையும் போட்டது கூடுதல் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. பலன் மட்டும் ஒருவருக்கு.

பெடாகுயிலினுக்கான மூலக் காப்புரிமை 2023 ஜூலை 18-ல் முடிவதாக இருந்தது. கம்பெனி என்ன செய்தது? அதே மருந்தின் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை கேட்டது. கிடைத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் இந்த மருந்தைச் செய்ய முடியாது. பழைய கள், புதிய மொந்தை. மருந்து உலகில் இது வாடிக்கையான வேலை. உப்பை மாற்று, மாத்திரையின் வடிவத்தை மாற்று, அளவை மாற்று, இன்னும் நான்கு வருடம் சம்பாதி.

இந்த வேலை நடக்கும் என்று தெரிந்துதான் 2005-ல் நாடாளுமன்றத்தில், இடதுசாரிகளின் நெருக்குதலில், இரண்டு தடுப்புகள் போடப்பட்டன. ஒன்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இரண்டாவது, 25(1) பிரிவு. காப்புரிமை கொடுப்பதற்கு முன்னாலேயே அதை எதிர்த்து மனுக் கொடுக்கலாம். யார் கொடுக்கலாம்? 'எந்த நபரும்' என்கிறது சட்டம். போட்டிக் கம்பெனிதான் என்றில்லை. வக்கீலோ விஞ்ஞானியோ ஆகியிருக்க வேண்டும் என்றில்லை. நோயாளி கொடுக்கலாம், நோயாளியின் அம்மா கொடுக்கலாம், சும்மா அக்கறை உள்ள ஆளும் கொடுக்கலாம். தமிழ் படித்தவர்கள் சொல்லின் எடையைப் பார்க்கப் பழகியவர்கள். எங்களுக்கு அந்த இரண்டு சொல்லைப் படித்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கத் தோன்றியது. கோயிலுக்குள் யார் போகலாம், குளத்தில் யார் இறங்கலாம், பள்ளியில் எங்கே உட்காரலாம் என்று ஆளைப் பார்த்து விதி எழுதிய நாட்டில், 'எந்த நபரும்' என்று எழுதப்பட்ட ஒரு வாசல் சின்ன விஷயம் இல்லை.

அந்த வாசலை முதலில் தட்டியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் முக்கியமானவர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997-ல் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ளோரின் இந்தியக் கூட்டமைப்பும், மணிப்பூரில் உள்ள கூட்டமைப்பும் சேர்ந்து 2006-ல் காம்பிவிர் என்ற கூட்டு மருந்தின் காப்புரிமையை எதிர்த்தார்கள். கம்பெனி விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. ஊரை விட்டு, வீட்டை விட்டு ஒதுக்கப்பட்டவர்கள் கம்பெனியை எதிர்த்துச் சட்டம் பேசினார்கள்.

பெடாகுயிலினுக்கு 2019-ல் மனுக் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். பரதநாட்டியம் ஆடுபவர், பத்திரிகையாளர். குடலில் காசநோய் வந்து, ஊசியின் பின்விளைவால் 2013-ல், 24 வயதில், காது கேட்காமல் போனவர். இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. கேப்டவுன் நகரத்துக்கு வெளியே, நிறவெறி ஆட்சி கறுப்பு மக்களைக் கொண்டுபோய்க் குவிக்க உருவாக்கிய கயலிட்சா என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். சேரி என்ற சொல்லுக்கு அந்த நாட்டு அகராதியில் அர்த்தம் தேடினால் கயலிட்சா என்று இருக்கும். அவருக்கும் காசநோய் மருந்தால் காது போனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இருவருக்கும் துணை நின்றது.

தங்களுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லாமல் அந்த இருவரும் மனுப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் குணமாகிவிட்டவர்கள். போன காது இந்த மருந்து மலிவானால் திரும்பி வராது. 2023 மார்ச் 23 அன்று காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்ததும் இந்தியக் கம்பெனிகளுக்குப் பாதை திறந்தது. உலக நாடுகளுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தருகிற அமைப்புக்கு 2020-ல் ஆறு மாதச் சிகிச்சைக்கான பெடாகுயிலின் 340 டாலர். 2023 ஆகஸ்டில் 130 டாலர். விலை இறங்கியதற்கு இந்த மனு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். பல நாட்டுப் போராட்டங்கள் சேர்ந்து நடந்தன. ஆனால் பூட்டு நான்கு வருடம் முன்னதாகத் திறந்தது இந்த மனுவால்.

எங்கள் காலனிக்காரரின் மருமகனுக்கு இந்த இரண்டு பெண்களின் பெயர் தெரியாது. அவன் கூத்து கேட்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதில் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். 2024 மார்ச் மாதம் ஒன்றிய அரசு காப்புரிமை விதிகளைத் திருத்தியது. சட்டத்தில் 'எந்த நபரும்' அப்படியே இருக்கிறது. அதை நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் போக வேண்டும். விதியில் மட்டும் கை வைத்தார்கள். முன்பு இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணமே இல்லை. இப்போது உண்டு. மனுவை விசாரிக்கலாமா, விசாரிக்கத் தகுந்ததுதானா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்த்துத் தீர்மானிப்பார் என்றும் சேர்த்திருக்கிறார்கள். பினாமி பெயரில் மனுப் போட்டு இழுத்தடிக்கிறார்கள், அதைத் தடுக்கத்தான் என்கிறார்கள். அப்படிச் செய்கிற ஆட்கள் இல்லாமல் இல்லை. போட்டிக் கம்பெனிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் கட்டணம் கம்பெனிக்கு என்ன செய்யும்? டீ செலவு. குவாரிக் கூலிக்காரருக்கு அது வாசலில் நிற்கிற ஆள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுவிட்டுப் போ என்று ஆள் நிறுத்துவது நமக்குப் பழகிய முறைதான். எந்த ஊரில் கோயில் கதவு சட்டப்படி நமக்கு மூடியிருக்கிறது, சொல்லுங்கள்?

இந்தத் திருத்தம் பற்றி நம் மாவட்டத்தில் ஒரு கூட்டம் நடந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. நாங்களும் நடத்தவில்லை. இட ஒதுக்கீடு என்றால் தெருவுக்கு வருகிறோம், வன்கொடுமை என்றால் ஸ்டேஷனை முற்றுகையிடுகிறோம். மருந்துக் காப்புரிமை என்றால் அது படித்தவர் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவம் பார்த்தவர். பிரசவம் பார்த்த கைகளும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்ட கைகளும் பெரும்பாலும் நம் பக்கத்துக் கைகள். மருந்து அறிவு எங்கோ வெளியிலிருந்து நமக்கு வந்த தானம் இல்லை. அதைப் பேச நமக்கு என்ன கூச்சம்?

சரி, மருந்து மலிந்துவிட்டது, கடமை முடிந்ததா? இல்லை. சென்னையில் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இரண்டும் இல்லை. முடிவு கிட்டத்தட்ட ஒன்றே. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவையையே குறைத்தது. நம் ஜனங்களின் உடம்பிலிருந்து உலகம் கற்ற பாடம். மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குடிசையிலும் குணமாகலாம்.

ஆனால் அந்தப் பாடத்தை அரசாங்கங்கள் தங்கள் வசதிக்குப் படித்துக்கொண்டன. மாத்திரை போதும், சோறு முக்கியமில்லை என்று. அறுபது வருடம் கழித்து ஜார்கண்டில் இன்னோர் ஆய்வு. நோயாளிக்கு மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள் எல்லோருக்கும். ஒரு பாதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் உணவுப் பொருள். 2023-ல் முடிவு வந்தது. சோறு கிடைத்த வீட்டாரில் காசநோய் வருவது ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்திருந்தது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை பழங்குடியினர் வீடுகள். எவ்வளவு செலவு செய்து எவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்தில் தேடினாலும் இப்படி ஒரு தடுப்பு மருந்து கிடைக்காது. நம் நோயாளிகளுக்கு ஒன்றிய அரசு தருகிற மாதம் 500 ரூபாய் 2024 நவம்பர் முதல் 1000 ஆகியிருக்கிறது. ஆறு மாதம் வேலைக்குப் போகாத ஒருவரின் வீட்டில் 1000 ரூபாய் எத்தனை நாள் வரும் என்று ரேஷன் அட்டை வைத்திருக்கிற எவருக்கும் தெரியும்.

குவாரித் தூசியையும் சொல்லியாக வேண்டும். கல்தூசி நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் வர வாய்ப்பு பல மடங்கு. மாமனுக்கு வந்தது, மருமகனுக்கு வந்தது. குணமான மருமகன் திரும்பவும் குவாரிக்குத்தான் போகிறான். அவனுக்கு வேறு வேலை தர எந்த ஆய்வுக்கூடத்திலும் மாத்திரை இல்லை.

இன்னொன்று. நோய் வந்த வீட்டில் தனி டம்ளர், தனித் தட்டு. டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து அடிவாங்கிய தெருவிலேயே, தன் வீட்டு நோயாளிக்குத் தனிக் குவளை வைக்கிறோம். காசநோய் டம்ளரால் பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில்தான் பரவுகிறது. வாயை மூடி இருமவும், சன்னலைத் திறந்து வைக்கவும் சொல்லுங்கள். டம்ளரை விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். வெறும் மைக்ராஸ்கோப் பார்த்து அனுப்பினால், "ட்ரூநாட் அல்லது சி.பி.நாட் எடுங்க, மருந்து எதிர்ப்பு இருக்கான்னு பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ட்ரூநாட் கோவாவில் உருவான சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடும், மலைக்கிராமத்துக்கும் தூக்கிப் போகலாம். சில மணி நேரத்தில் முடிவு தெரியும். எந்தக் கிருமி என்று தெரியாமல் பழைய மாத்திரையைத் தின்றுகொண்டே இருந்தால் புது மருந்து ஆஸ்பத்திரி அலமாரியில்தான் இருக்கும். நோயாளி எழுந்து நிற்கவே முடியாத நிலையில் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ வீட்டில் வைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து உடனே படுக்கை தரவேண்டும் என்பதற்காகவே தமிழக அரசு 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது.

பி.பார்ம். படிக்கிற, சட்டம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. காப்புரிமை விண்ணப்பங்கள் இணையத்தில் வெளியாகின்றன. பார்க்கப் பணம் இல்லை. உப்பை மாற்றியிருக்கிறார்களா, பழைய பொருள்தானா என்று பார்க்க ஒரு வேதியியல் மாணவியும் ஒரு சட்ட மாணவனும் சேர்ந்தால் போதும். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. 25(1) பிரிவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் காலனி நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டு அந்தக் காது கேளாத பெரியவர் என்ன என்று கையசைத்துக் கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். முதல் இரண்டு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினோம். தன் மார்பில் கை வைத்து, நானுமா என்பதுபோல் பார்த்தார்.